மூணாவது மாடி, இடது பக்கம்

வெங்காயத்தைப் பாதி நறுக்கிய பிறகுதான், அது முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வீட்டு வெங்காயம் என்பது லிஃப்ட்காரருக்குத் தெரிந்தது.

தெரிவித்தது போன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்கு வந்து எடுத்தார். கூப்பிட்டவர் அவரோடு லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்க்கும், சாமான் கிடங்கைக் கவனிக்கும் ஸ்டோர்காரர். பண்டிகைச் சாப்பாட்டுக்குத் தன் புது வீட்டுக்கு அழைத்திருந்தவரும் அவர்தான்.

"எங்க இருக்கீங்க? மூணாவது மாடி, இடது பக்கம்னு சொன்னேனே. சோபாவுல உக்காந்து வாசலையே பாத்துக்கிட்டிருக்கேன். எங்க வீட்டுக்காரி எல்லாம் சமைச்சு வெச்சுட்டா. நீங்க வந்தா இலையப் போட்டுடலாம்."

லிஃப்ட்காரர் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தார். மூன்றாவது மாடிதான். இடது பக்கம்தான். சோபாவும் இருந்தது. அதன்மேல் அவர் கொண்டுவந்த இனிப்பு டப்பா திறந்து, பாதி தின்னப்பட்டுக் கிடந்தது. ஸ்டோர்காரர்தான் இல்லை.

பிழைக்க வந்த அந்த வெளிநாட்டுத் தெருவில் ஒரே மாதிரி கட்டடங்கள் வரிசையாக நின்றன. வாசல், படி, பெயிண்ட், எல்லாம் ஒரே அச்சு. கட்டடம் மாறி ஏறிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. தலை நரைக்கிற வரை லிஃப்ட்டைப் பழுது பார்த்து, மற்றவர்களைச் சரியான மாடியில் இறங்கவைப்பதையே தொழிலாகச் செய்துவந்த மனிதர். வீடு மாறிவந்த செய்தி கம்பெனிக்குப் போனால், ஓய்வு பெறும் நாள்வரை அவரைப் பார்க்கிறவர்களெல்லாம் "எந்த மாடி சார்?" என்றுதான் கேட்பார்கள்.

சாதாரண மனிதராக இருந்தால், "வீடு மாறி வந்துட்டேங்க, இதோ வர்றேன்" என்று சொல்லியிருப்பார். லிஃப்ட்காரரும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து, "தம்பி, வெங்காயம் ஆச்சா? எண்ணெய் காயுது" என்று ஒரு குரல் வந்தது. அந்தக் குரலில் இருந்த உரிமை அவரைக் குழப்பிவிட்டது.

"ஒரு லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு," என்றார் போனில். "ரெண்டு பேர் உள்ள மாட்டியிருக்காங்க. எடுத்துவிட்டுட்டு வந்துடறேன்."

"அடப் பாவமே. பண்டிகையும் அதுவுமாவா? எந்த பில்டிங்?"

"இங்கதான், பக்கத்துல," என்று சொல்லிப் போனை வைத்தார். ஒரு விதத்தில் அது பொய்யும் இல்லை. ரெண்டு பேர் மாட்டியது பொய். ஒருவர் மாட்டியது நிஜம்.

அரைமணி நேரத்துக்கு முன்னால் கதவைத் திறந்தவர், பெரிய மீசை வைத்த ஒரு மனிதர். ஸ்டோர்காரரின் அண்ணனாக இருக்கும் என்று லிஃப்ட்காரர் நினைத்தார். "வாங்க, வாங்க" என்றார் மீசைக்காரர். யார் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுப்படியில் ஒரு அக்கா கொதிக்கிற பாத்திரத்தோடு நின்றார். ஸ்டோர்காரரின் மனைவி என்று எடுத்துக்கொண்டார். கூடவே, காய்கறிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, பேசினால் அலமாரிக் கண்ணாடி அதிரும் கட்டைக் குரலில் ஒருவர். அக்கா வந்தவர் கையில் கத்தியைக் கொடுத்தார். அவ்வளவுதான். அவர் அந்தக் குடும்பத்தில் சேர்ந்துவிட்டார்.

இப்போது கணக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. மீசைக்காரர் இந்த வீட்டுக்காரர். அக்கா அவர் மனைவி. கட்டைக்குரல்காரர் ஏதோ நெருங்கிய சொந்தம். இந்த வீட்டில் ஒட்டாத ஒரே ஆள், கையில் வெங்காயத்தோடு நிற்கிறவர்.

நறுக்கி முடித்துவிட்டு நைஸாக நழுவிவிடுவது என்று முடிவெடுத்தார். பாதி வெங்காயத்தோடு ஓடினால் திருடன் என்று நினைப்பார்கள். முழுதாக நறுக்கிவிட்டுப் போனால், கொஞ்சம் மரை கழன்றவன் என்று மட்டும்தான் நினைப்பார்கள்.

நறுக்கிக் கொடுத்ததும் அக்கா உருளைக்கிழங்கைத் தள்ளினார். உருளைக்கிழங்கு முடிந்ததும், "உப்பு பாருங்க தம்பி" என்று உள்ளங்கையில் குழம்பு விட்டார். உப்பு சரியாக இருந்தது. சரியாக இல்லாமல் இருந்திருந்தால் கிளம்ப ஒரு மனசு வந்திருக்கும்.

அப்போது அக்காவின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியாக உள்ளே எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். லிஃப்ட்காரரைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தமாதிரி இருந்தது. திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

கொஞ்ச நேரத்தில் கட்டைக்குரல்காரரின் போன். அவரும் பால்கனிக்கு ஓடினார். அவரும் உள்ளே பார்த்தார். அவ்வளவு பெரிய குரல், வெளியில் ஒரு சொல்கூடக் கேட்காதபடி குசுகுசுத்தது.

'கண்டுபிடிச்சுட்டாங்க,' என்று லிஃப்ட்காரர் நினைத்தார். 'சமையல் முடியட்டும்னு காத்திருக்காங்க. நல்லா நறுக்குறான், வேலை முடிஞ்சதும் போலீஸைக் கூப்பிடலாம்னு பேசியிருப்பாங்க.'

மீசைக்காரர் மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் தட்டுத் தேடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடினார். தட்டு கடைசி அலமாரியில் இருந்தது. சொந்த வீட்டில் தட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாத புருஷன். லிஃப்ட்காரருக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. ஊரில் தன் வீட்டிலும் அதே கதைதான்.

ஹாலில் வந்து உட்கார்ந்த கட்டைக்குரல்காரர், ஏதாவது பேசியே ஆக வேண்டும் என்பதுபோல், "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

இது விசாரணை என்று லிஃப்ட்காரருக்குப் புரிந்தது. "மேலயும் கீழயும் போய்வர்ற வேலை."

"ஆபீஸர்ங்களா?"

"கிட்டத்தட்ட. நீங்க?"

கட்டைக்குரல்காரர் கொஞ்சம் யோசித்தார். "எனக்கும் போய்வர்ற வேலைதாங்க. ஆனா தரையோட."

இருவரும் ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி போன். இந்தத் தடவை ஊரிலிருந்து மனைவி, முகம் பார்த்துப் பேசும் அழைப்பு.

போன பண்டிகைக்கு அவர் அறையைப் பூட்டிக்கொண்டு, ரொட்டியில் ஜாம் தடவித் தின்றுகொண்டே, "நண்பர்களோட இருக்கேன், ஒரே அமர்க்களம்" என்று மனைவியிடம் சொன்னவர். அமர்க்களத்துக்காக டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். டிவியில் ஓடியது விலங்குகளைப் பற்றிய நிகழ்ச்சி. "உங்க நண்பர்ல யாரு இப்படி உறுமுறாங்க?" என்று மனைவி கேட்டாள். அதனால் இந்த வருஷம், ஒவ்வொரு முகமாகக் காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

எடுக்காவிட்டால் சந்தேகப்படுவாள். எடுத்தார்.

"எங்க, காட்டுங்க பாப்போம்," என்றாள் மனைவி. "அந்த மீசை வெச்சவங்கதான் உங்க ஆபீஸ் நண்பரா?"

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் மீசைக்காரர் குனிந்து போனைப் பார்த்தார்.

"ஆமாம்மா," என்றார் நிதானமாக. "நல்லா இருக்கியாம்மா?"

"நல்லா இருக்கேண்ணா. இவரைக் கொஞ்சம் பாத்துக்கங்க. தனியா விட்டா ரொட்டி தின்னே நாளை ஓட்டிடுவாரு. கேட்டா டயட்டும்பாரு."

"நீ கவலைப்படாதம்மா. இதை அவரு வீடு மாதிரி நினைச்சுக்க."

எப்பேர்ப்பட்ட மனிதர் என்று லிஃப்ட்காரர் வியந்தார். வந்தவன் பொய்யன் என்று தெரிந்தும், அவன் மனைவி எதிரில் மானத்தைக் காப்பாற்றுகிறார்.

"அடுப்புகிட்ட நிக்கிறது அண்ணியா?" என்றாள் மனைவி.

அக்காவின் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்தது. மீசைக்காரரைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "ம்," என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"அவங்க பக்கத்துல?"

"என் தம்பி," என்றார் அக்கா வேகமாக.

கட்டைக்குரல்காரர் திடுக்கிட்டு அக்காவைப் பார்த்தார். அப்புறம், உயிர் பிழைத்தவர்போல் ஒரு கும்பிடு போட்டார். "ஆமாம்மா. தம்பிதான். கூடப் பிறந்த தம்பி."

"எல்லாரும் ஒரே ஜாடை," என்று மனைவி சந்தோஷமாகச் சொன்னாள். "இப்பத்தாங்க எனக்கு நிம்மதி. மனுஷங்களோட இருக்கீங்க." போனை வைக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உருளைக்கிழங்குத் தோலை வாரிக்கொண்டிருந்த லிஃப்ட்காரரும் துடைத்துக்கொண்டார். வெங்காயம் எப்போதோ வாணலிக்குப் போய்விட்டதால் காரணம் சொல்ல வழி இல்லை.

இனி ஸ்டோர்காரர் வீட்டுக்கு எப்படிப் போவது? மனைவி மனதில் ஸ்டோர்காரர் என்றால் இந்த மீசைதான். நாளைக்கு நிஜமான ஸ்டோர்காரரைக் காட்டினால், "இவரு யாரு?" என்பாள்.

அந்த நிஜமான ஸ்டோர்காரர் அடுத்த நிமிஷமே கூப்பிட்டார். லிஃப்ட்காரர் பால்கனிக்கு ஓடினார்.

"நர்ஸம்மா அங்கதானே இருக்காங்க?" ஸ்டோர்காரர் குரல் பதறியது.

"எந்த நர்ஸம்மா? எங்க?"

"உங்க லிஃப்ட்டுக்குத்தான். அவங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். ஏன் வரலன்னு போன் பண்ணி, நீங்க லிஃப்ட்ல மாட்டுனவங்களை எடுத்துக்கிட்டிருக்கிறதச் சொன்னேன். 'நானும் அங்கதான் இருக்கேன், முதலுதவி பண்ணிக்கிட்டிருக்கேன்'னாங்க. ஒருத்தருக்குக் கால்ல நல்ல அடியாமே."

லிஃப்ட்காரர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பஸ் டிரைவரையும் கூப்பிட்டிருந்தேன்," ஸ்டோர்காரர் தொடர்ந்தார். "அவரு அடிபட்டவங்களைப் பஸ்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாராம். உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்லையே?"

"இல்ல," என்றார் லிஃப்ட்காரர் வறண்ட குரலில். "அப்படித்தான் நினைக்கிறேன்."

"நீங்கள்லாம் பட்டினி கிடந்து வேலை பாக்குறப்போ நாங்க மட்டும் எப்படிச் சாப்பிடுறது? சாப்பாட்டை அப்படியே தூக்கிக்கிட்டு அங்க வந்துடறோம். எந்த பில்டிங்?"

"சரியா கேக்கலைங்க," என்று கத்திவிட்டு லிஃப்ட்காரர் போனை அணைத்தார்.

வாய்க்கு வந்தபடி உருவாக்கிய விபத்துக்கு இப்போது நர்ஸ் வந்துவிட்டார், பஸ் வந்துவிட்டது, ஒரு கால்கூட அடிபட்டிருக்கிறது. ஒருவேளை நிஜமாகவே எங்கோ ஒரு லிஃப்ட் நின்று, நாக்கில் சனி உட்கார்ந்து, அது பலித்துவிட்டதோ? போனை உயிர்ப்பித்து, கம்பெனியில் அன்றைக்குப் பணியில் இருந்தவரைக் கூப்பிட்டார்.

"ஏதாவது லிஃப்ட் நின்னுபோச்சுன்னு புகார் வந்துச்சா?"

"ஒண்ணுமில்லைங்க. எல்லாம் ஜோரா ஓடுது. பண்டிகை நாள்ல உங்களுக்குப் பேச ஆளில்லையா?" என்றார் அவர், நிஜமான அனுதாபத்தோடு.

உள்ளே வந்த லிஃப்ட்காரர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "அக்கா, தயிர் இல்லைபோல இருக்கே. ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"நானும் வர்றேன்," என்று கட்டைக்குரல்காரர் துள்ளி எழுந்தார்.

"இல்ல, அதுக்கு ரெண்டு பேர் எதுக்கு? நானே போறேன்," என்றார் அக்கா. செருப்பைக்கூட மாட்டிவிட்டார்.

தயிருக்கு இவ்வளவு கிராக்கி இருந்ததாக லிஃப்ட்காரர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. கடைசியில் அக்கா விட்டுக்கொடுக்க, ஆண்கள் இருவரும் இறங்கினார்கள். கட்டடத்து வாசலில் கட்டைக்குரல்காரர், "நீங்க வேணா மேல போய் இருங்க, நான் வாங்கிட்டு வர்றேன்" என்றார். "ஐயோ, நீங்க போங்க, நான் வாங்கிட்டு வர்றேன்" என்றார் லிஃப்ட்காரர். கடை வாசலிலும் இதே உபசாரம் நடந்தது. இந்த மனிதர் தன்னைத் தப்பவிடாமல் காவலுக்கு வந்திருக்கிறார் என்று லிஃப்ட்காரருக்கு உறுதியாயிற்று. காவலாளியைப் பார்த்தாலும் ஏனோ தப்பி ஓட நினைக்கிறவரைப் போலவே இருந்தது. ஆளுக்கொரு தயிர் டப்பாவோடு, ஒருவர்மேல் ஒருவர் கண்ணை வைத்தபடி இருவரும் மேலே திரும்பினார்கள்.

தாளித்த புகை போகட்டும் என்று அக்கா வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தார். தரையில் தாளை விரித்து நாலு பேரும் உட்கார்ந்தார்கள். மீசைக்காரர் முதல் கவளத்தை வாயில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்படி நாலு பேரா உக்காந்து சாப்பிட்டு எவ்வளவோ நாளாச்சு," என்றார். "போன பண்டிகைக்கு நான் என்ன சாப்பிட்டேன்னுகூட ஞாபகமில்லை."

"நான் ரொட்டி," என்று லிஃப்ட்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"நான் டூட்டி," என்றார் அக்கா.

"நான் தூங்கிட்டேன்," என்றார் கட்டைக்குரல்காரர். "முழிச்சிருந்தா வீட்டு ஞாபகம் வரும்னு."

ஒரு பெண்டாட்டியும் புருஷனும் மச்சானும் ஏன் மூன்று இடத்தில் மூன்று விதமாகப் பண்டிகை கொண்டாடினார்கள் என்று யோசிக்கும் நிலையில் லிஃப்ட்காரர் இல்லை. இவ்வளவு நல்லவர்களை இதற்கு மேல் ஏமாற்ற முடியாது. சோற்றுக் கையோடு எழுந்தார்.

"நான் ஒரு உண்மையைச் சொல்லணும்."

"நானும்," என்றார் அக்கா.

"எனக்கும் ஒண்ணு இருக்கு," என்றார் கட்டைக்குரல்காரர்.

மீசைக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதற்குள் படியில் ஆள் இறங்கும் சத்தம் கேட்டது. தலையில் ஒரு அண்டா, கையில் ஒரு தூக்கு. ஸ்டோர்காரர். அவருக்குப் பின்னால் இரண்டு பெரிய பைகளோடு அவர் மனைவி. "லிஃப்ட்ல ஏறாதீங்க, இன்னிக்கு எல்லாமே நிக்குது," என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே வந்தவர், திறந்திருந்த வாசலுக்கு நேராக வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"லிஃப்ட்காரரே," என்றார். பிறகு, "நர்ஸம்மா, நீங்களுமா?" என்றார் அக்காவைப் பார்த்து. பிறகு கட்டைக்குரல்காரரைப் பார்த்தார். "டிரைவரே, அப்ப பஸ்ஸு?"

"கீழதாங்க நிக்குது," என்றார் டிரைவர். அந்தக் குரல் அவ்வளவு மெலிந்து யாரும் கேட்டதில்லை.

"லிஃப்ட்ல மாட்டுனவங்க?"

"யாரும் மாட்டல," என்றார் லிஃப்ட்காரர்.

"கால்ல அடிபட்டவரு?"

"எனக்கு அப்ப வேற ஒண்ணும் தோணல," என்றார் நர்ஸம்மா தலையைக் குனிந்தபடி. "இவங்க வீட்டுல பாத்திரத்தை அடுப்புல ஏத்தினப்புறம் நீங்க போன் பண்றீங்க. வீடு மாறி வந்துட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. இவரு" என்று லிஃப்ட்காரரைக் காட்டினார், "உரிமையா காய் நறுக்கிக்கிட்டிருந்தாரு. இந்த வீட்டுக்காரரோட தம்பின்னு நினைச்சேன்."

"நான் உங்களை இவரோட சம்சாரம்னு நினைச்சேன்."

"நான் உங்க ரெண்டு பேரையும் பாத்துப் பயந்துகிட்டிருந்தேன்," என்றார் டிரைவர். "தயிர் வாங்கப் போறப்போ ஓடிடலாம்னு பாத்தேன். நீங்க விடல."

"மூணாவது மாடின்னுதானே சொன்னேன்?" என்றார் ஸ்டோர்காரர் பரிதாபமாக.

"மூணைத்தான் அழுத்தினோம்," என்றார்கள் மூவரும்.

ஸ்டோர்காரரின் மனைவி பைகளைக் கீழே வைத்தார். "அதான் தப்பு. இவரு நம்ம ஊருக் கணக்குல கீழ்த்தளத்தை விட்டுட்டு மூணுன்னாரு. இந்த ஊரு லிஃப்ட்ல கீழ்த்தளமே ஒண்ணு. எங்க வீட்டுக்கு நாலை அழுத்தணும். மத்தவங்களுக்குத் தெரியாம போனா சரி." அதற்கு மேல் சொல்லாமல் லிஃப்ட்காரரைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

அந்த ஊர் லிஃப்ட்டுகளில் எண் பொத்தான்களை வரிசையாகப் பொருத்துவதும் தன் வேலைதான் என்பதை லிஃப்ட்காரர் அங்கே சொல்லவில்லை. ஒரு நாளைக்குச் சொல்ல வேண்டிய உண்மைகளைச் சொல்லியாகிவிட்டது என்று அவருக்குப் பட்டது.

முதலில் சிரித்தது டிரைவர். அந்தக் குரலில் அலமாரிக் கண்ணாடிகள் அதிர்ந்தன. பிறகு நர்ஸம்மா, பிறகு எல்லோரும். சிரித்து ஓய்ந்தபோதுதான் மீசைக்காரர் ஞாபகம் வந்தது. அவர் தட்டுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"உங்ககிட்டதாங்க மன்னிப்புக் கேக்கணும்," என்றார் லிஃப்ட்காரர் கையைக் கூப்பி. சோறு ஒட்டிய கை. "முன்பின் தெரியாத மூணு பேர் வீட்டுக்குள்ள பூந்து, அடுப்பைப் பத்த வெச்சு, அலமாரியைக் குடைஞ்சு... ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க. என் வீட்டுக்காரிகிட்ட எனக்காகப் பொய்கூடச் சொன்னீங்க."

"இதுல மன்னிப்பு என்னங்க," என்றார் மீசைக்காரர் தட்டைப் பார்த்தபடி. "கதவைத் திறந்ததும் இந்தம்மா, 'அண்ணா, வழி விடுங்க, பாத்திரம் சுடுது'ன்னு உள்ள வந்துட்டாங்க. என்னை யாரும் அண்ணான்னு கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு. அதுக்கப்புறம் நீங்க யாருன்னு எப்படிக் கேக்குறது?"

நர்ஸம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார்.

ஸ்டோர்காரர் அண்டாவை நடுவில் இறக்கினார். "நான் இங்க குடிவந்தே கொஞ்ச நாள்தான். கீழ்வீட்ல இப்படி ஒரு மனுஷன் இருக்காருன்னு தெரியாமப் போச்சே. மேல எதுக்கு, எல்லாரும் இங்கயே சாப்பிடுவோம்."

"இங்கயேதான்," என்றார் நர்ஸம்மா. "அடுத்த பண்டிகைக்கும் இந்த வீடுதான். அண்ணா, நீங்க மாட்டேன்னு சொல்லக்கூடாது."

"எங்க வீட்டுக்காரிக்கும் வேற முகத்தைக் காட்ட முடியாது," என்றார் லிஃப்ட்காரர். "அவளுக்கு இனிமே நீங்கதான் ஸ்டோர்காரர்."

மீசைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் கட்டடத்து வாட்ச்மேன் திறந்திருந்த வாசலில் வந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். விரித்திருந்த தாளையும் அண்டாவையும் சுற்றி உட்கார்ந்திருந்த ஆட்களையும் பார்த்துக் கொஞ்சம் குழம்பினார். பிறகு மீசைக்காரரிடம் சொன்னார்:

"பிளம்பரண்ணே, குழாய் வேலை முடிஞ்சுதுன்னா சாவியைக் குடுங்க, வீட்டுக்காரரு ஊர்லேருந்து போன் மேல போன் போடுறாரு."